பேண்ட்சா சக்கரங்களை நேர்படுத்துவதும் பிளேடை ஓடவைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு சக்கரங்களின் மேல் வளையமான பட்டைப் பிளேடு ஓடும், மரம் அறுக்கும் பேண்ட்சாவைப் பற்றிய பதில்கள் இவை. பட்டறைகளில் அதிகம் இருப்பது 14 அங்குல, அதாவது ஏறத்தாழ 350 மி.மீ. சக்கர மெஷின் என்பதால் கணக்குகளை அதை வைத்தே போட்டிருக்கிறேன். பெரிய மெஷினில் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

டிராக்கிங் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பிளேடு ஒழுங்காக ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பிளேடு சக்கரத்தில் ஓடும் இடத்தைத் திருத்துவதுதான் டிராக்கிங். அதற்கான குமிழை முதலில் அப்படியே விட்டுவிடுங்கள். பேரிங் சரியாக இருந்தால்தான் சக்கரம் ஆடாமல் சுற்றும். சக்கரம் ஆடாமல் சுற்றினால்தான் டயர், அதாவது சக்கர விளிம்பைச் சுற்றிய ரப்பர் அல்லது யூரித்தேன் பட்டை, தன் வேலையைச் செய்யும். டயரும் டென்ஷனும் (பிளேடின் இறுக்கம்) சரியாக இருக்கும்போதுதான் குமிழைத் திருப்பியதற்குப் பலன் தெரியும். பிளேடைப் பக்கவாட்டிலும் பின்னாலும் தாங்கும் கைடுகள் எல்லாவற்றுக்கும் கடைசி.

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிளேடு விலகி ஓடினால் கைடை நெருக்கி அதை வலுக்கட்டாயமாக நேரே நிறுத்துகிறார்கள். சில நிமிடம் நன்றாகத் தெரியும். பிறகு பிளேடு சூடேறும், பற்களுக்கு எதிர்ப்புறமான முதுகில் காயம் விழும், முதுகைத் தாங்கும் பின்பக்க பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும், ஒருநாள் பிளேடு அறுந்துபோகும்.

எனவே முதல் சோதனை இதுதான். மேசைக்கு மேலும் கீழும் உள்ள எல்லாக் கைடுகளையும் பிளேடைத் தொடாத அளவுக்குத் தள்ளிவையுங்கள். வேலைக்கு வேண்டிய டென்ஷனைக் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளேடு வெறும் இரண்டு சக்கரங்களை மட்டும் நம்பி ஒரே இடத்தில் ஓடினால் மெஷினின் எலும்புக்கூடு நலம். ஓடாவிட்டால் கோளாறு பேரிங், சக்கரம், டயர், பிளேடு இந்த நான்கில் ஒன்றில் இருக்கிறது. கைடைத் தொட வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை.

கை வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை?

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளேடைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் தோல் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்; சுருட்டிய பிளேடு விரியும்போது எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. மரம் அறுக்கும்போது மட்டும் கையுறை கூடாது. மெஷினை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கதவுகளையும் மூடி, தூணுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கழன்ற பிளேடு வெளியே வருவது அந்தப் பக்கமாகத்தான்.

பிடிமானமே இல்லாமல் பிளேடு சக்கரத்தின் நடுவில் எப்படி நிற்கிறது?

பெரும்பாலான சிறிய மெஷின்களில் டயர் நடுவில் லேசாகக் குவிந்திருக்கும். பிளேடு அந்த மேட்டிலிருந்து சற்று விலகி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் ஒரு விளிம்பு மேட்டுக்கு அருகே, பெரிய விட்டத்தின் மேல் இருக்கும்; மற்ற விளிம்பு சரிவில், சிறிய விட்டத்தின் மேல் இருக்கும். பெரிய விட்டத்தின் பக்கம் இழுவை கூடுவதால், சக்கரத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் பிளேடு அந்தப் பக்கமாக மெல்லச் சாய்கிறது. அடுத்து வந்து உட்காரும் துண்டு முன்னதைவிட மேட்டுக்குக் கொஞ்சம் அருகில் உட்காருகிறது. இப்படியே சுற்றுக்குச் சுற்று ஏறி உச்சிக்கு வந்துவிடும். வாரில் ஓடும் பழைய இயந்திரங்களின் புல்லிகள் குவிந்திருந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

குமிழ் செய்வது மேல் சக்கரத்தைச் சாய்ப்பது மட்டுமே. சக்கரத்தின் மேல்பகுதி உங்களைவிட்டு விலகிப் பின்னால் சாய்ந்தால் பிளேடும் பின்னால் போகும். உங்களை நோக்கிச் சாய்ந்தால் முன்னால் வரும். பெரும்பாலான மெஷின்களில் குமிழை வலஞ்சுழியாகத் திருப்பினால் பிளேடு பின்னால் போகிறது. உங்களுடையதில் எப்படி என்று ஒருமுறை பார்த்து, குமிழுக்கு அருகிலேயே அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மெஷினின் டயர் குவிந்ததா தட்டையா என்று எப்படித் தெரியும்?

டயரின் அகலத்துக்குக் குறுக்கே ஒரு சிறிய இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இரு ஓரங்களிலும் வெளிச்சம் கசிந்தால் குவிந்தது. எங்கும் கசியாவிட்டால் தட்டை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குவிந்த டயர் தேய்ந்து பள்ளமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த டயரில் குமிழை எவ்வளவு திருப்பினாலும் பிளேடு ஓரிடத்தில் நிற்காது.

டிராக்கிங் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கைடுகளைத் தள்ளிவைத்த பிறகு பிளேடை இரு சக்கரங்களிலும் ஏறத்தாழ நடுவில் மாட்டுங்கள். மேசை மேல் தெரியும் பற்கள் உங்களை நோக்கியும், கூர் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். பற்கள் மேல்நோக்கி இருந்தால் பிளேடின் உட்புறம் வெளிப்புறமாக இருக்கிறது. கழற்றி, புரட்டி மாட்டினால் சரியாகிவிடும்.

முதலில் பிளேடு தொங்காத அளவுக்கு மட்டும் டென்ஷன் கொடுங்கள். மேல் சக்கரத்தைக் கையால், வெட்டும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் பிளேடு வேறு இடத்துக்குப் போகும். அந்தச் சோதனையால் பயனில்லை. பிளேடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, குமிழைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடியும் பல சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். திருப்பியதன் விளைவு உடனே தெரியாது. பிளேடு புதிய இடத்தில் அமரச் சில சுற்றுகள் ஆகும். அவசரப்பட்டு மேலும் திருப்புவதால்தான் பலர் இங்கும் அங்குமாக அலைகிறார்கள்.

நின்றதும் முழு டென்ஷனைக் கொடுங்கள். பிளேடு மறுபடி நகரும். இது இயல்பு, டென்ஷன் ஏறும்போது சட்டமும் மேல் சக்கரத்தின் ஷாஃப்ட்டும் கொஞ்சம் வளைகின்றன. எனவே கடைசித் திருத்தம் எப்போதும் முழு டென்ஷனில்தான். கையால் சுற்றி நிலைத்த பிறகு குமிழின் லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே குமிழ் லேசாகத் திரும்பிவிடும் மெஷின்கள் உண்டு. இறுக்கியபின் மீண்டும் சுற்றிப் பாருங்கள். பிறகு கதவுகளை மூடி, ஒரு நொடி மட்டும் சுவிட்சைத் தட்டி அணையுங்கள். அதன்பிறகுதான் முழு ஓட்டம்.

பிளேடு சக்கரத்தில் சரியாக எங்கே ஓட வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

குவிந்த டயருக்கு இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, பிளேடின் அகலத்தின் நடு சக்கரத்தின் நடுவில். மற்றது, பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் அடி சக்கரத்தின் நடுவில். இரண்டாவதற்குச் சொல்லப்படும் காரணம் நியாயமானது: மேட்டின் உச்சியில்தான் பிளேடு அதிகம் இறுகும், அந்த இறுக்கம் பற்களை ஒட்டிக் கிடைத்தால் வெட்டு நேராகப் போகும்.

6 மி.மீ. பிளேடில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ. அளவுதான்; அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 12 மி.மீ. முதல் மேலே போகப் போக நான் இரண்டாவது முறையைத்தான் பரிந்துரைப்பேன். அதிலும் ஒரு நிபந்தனை: பிளேடின் முதுகு டயருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

தட்டையான டயர் உள்ள பெரிய மெஷின்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே பற்கள் டயரின் முன் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஓடினால், இரு பக்கமும் விரித்து வைத்த பற்கள் டயரை அறுத்துக்கொண்டே போகும்.

இரண்டு சக்கரங்களும் ஒரே தளத்தில் இருப்பது கட்டாயமா?

அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இது. "சக்கரங்கள் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் எதுவும் சரியாகாது" என்பது ஒரு கட்சி. "குவிந்த டயர் இருக்கும்போது அதைப் பார்க்கவே வேண்டாம்" என்பது எதிர்க்கட்சி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும், ஏனென்றால் பிசகு இரண்டு வகை.

முதல் வகை, ஒரு சக்கரம் மற்றதைவிட முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்பது; அச்சுகள் இரண்டும் இணையாகவே இருக்கும். குவிந்த டயரில் இது ஒன்றிரண்டு மி.மீ. இருந்தால் பிளேடு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரமும் அதைத் தன் நடுவுக்கு இழுக்க, இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் அது நிலைத்துவிடும். பிளேடு சீராக ஓடி, வெட்டும் நேராக இருந்தால் இதற்காகச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை என்பதே என் தீர்ப்பு.

இரண்டாவது வகை, அச்சுகளே இணையாக இல்லாதது. முன் பின் சாய்வைக் குமிழால் திருத்தலாம். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது ஒரு அச்சு இடமாகவோ வலமாகவோ திரும்பியிருந்தால் குமிழால் அதைத் தொடவே முடியாது. பிளேடு முறுக்கிக்கொண்டு ஓடும். மேல் சக்கரத்தில் ஒரு இடத்திலும் கீழ்ச் சக்கரத்தில் வேறு இடத்திலும் நிற்கும். அகலமான பிளேடு அறவே அடங்காது. இந்தப் பிசகை விட்டுவைக்கக் கூடாது. தட்டையான டயர் என்றால் இரண்டு வகையுமே முக்கியம். அங்கே தானாக நடுவுக்கு இழுக்கும் மேடு கிடையாது.

சக்கரங்களை நேர்படுத்தும் வேலையில் இறங்கலாமா என்று முடிவு செய்ய அறிகுறிகளைப் பாருங்கள்: பிளேடை நிறுத்தக் குமிழை அதன் கடைசி எல்லைவரை திருக வேண்டியிருக்கிறது, டென்ஷனைக் கொஞ்சம் மாற்றினாலே பிளேடு சக்கரத்தைவிட்டு இறங்கப் பார்க்கிறது, குறுகிய பிளேடு ஓடுகிறது ஆனால் அகலமானது ஓட மறுக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அளந்து பாருங்கள்.

எப்படி அளப்பது?

நீளமான, உண்மையிலேயே நேரான ஒரு கோல் வேண்டும்: அலுமினியச் சட்டமோ, இழைத்து நேராக்கிய மரப்பட்டையோ. கோலின் நேர்மையை முதலில் சோதியுங்கள். அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோடு கிழித்து, கோலை மறுபக்கம் புரட்டி அதே கோட்டில் வையுங்கள். இரண்டும் பொருந்தினால் நேர்.

வழக்கமாக அதிகம் பயன்படுத்தும் பிளேடுகளில் அகலமானதை மாட்டி, முழு டென்ஷன் கொடுத்து, அது சக்கரத்தின் நடுவில் ஓடும்படி டிராக்கிங் செய்துகொள்ளுங்கள். டென்ஷன் இல்லாமல் எடுக்கும் அளவு வீண். மேசையைக் கழற்றிவிட்டால் வேலை சுலபம். கோலைச் செங்குத்தாக இரு சக்கரங்களின் முகத்திலும் படும்படி வையுங்கள். மேல் சக்கர விளிம்பின் மேல்புறம், கீழ்ப்புறம், கீழ்ச் சக்கர விளிம்பின் மேல்புறம், கீழ்ப்புறம் ஆகிய நான்கு இடங்களும் தொட்டால் சக்கரங்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன. சக்கரத்தின் மையம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கோலை மையத்துக்கு இடப்புறம் ஒருமுறை, வலப்புறம் ஒருமுறை என நகர்த்தி வையுங்கள். இந்த இரண்டு அளவுகளையும் ஒப்பிடும்போதுதான் மேலே சொன்ன இரண்டாம் வகைப் பிசகு வெளிப்படும்: இடப்புறம் இடைவெளி ஒன்றாகவும் வலப்புறம் வேறாகவும் வந்தால் அச்சு திரும்பியிருக்கிறது. சட்டம் குறுக்கே வந்தால் ஒரே கனமுள்ள நான்கு மரத்துண்டுகளை இடையில் வைத்து அளக்கலாம்.

இங்கே பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. வார்ப்புச் சக்கரத்தின் விளிம்பு முகம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, எந்த இடத்தை அளப்பதானாலும் அந்தப் புள்ளியைச் சுற்றி அங்கே கொண்டுவந்து அளங்கள். அப்போது விளிம்பின் கோணல் கணக்கில் சேராது. அச்சின் உண்மையான நிலை மட்டும் தெரியும். இடைவெளியை ஃபீலர் கேஜில், அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகளால், பாருங்கள்.

ஒரு சக்கரம் பின்தங்கி இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

மேல் சக்கரம் பின்னால் இருந்தால் அதைக் கழற்றி, ஷாஃப்ட்டில் சக்கரத்துக்குப் பின்னால், அளந்த இடைவெளிக்குச் சமமான கனத்தில் வாஷர் சேருங்கள். பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடும் வாஷராக இருக்க வேண்டும். வெளிவளையத்தில் உரசினால் பேரிங் பாழ். நட்டைக் கழற்றும் முன் மரை எந்தப் பக்கம் என்று கவனியுங்கள், சில மெஷின்களில் இடமரை இருக்கும். வாஷர் சேர்த்த பிறகு நட்டுக்குப் போதிய மரை மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கீழ்ச் சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேல் சக்கரம் முன்னால் இருந்தால், ஏற்கெனவே அதன் பின்னால் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கீழ்ச் சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். சில மெஷின்களில் அது கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத திருகாணி) ஷாஃப்ட்டில் பிடித்திருக்கும், தளர்த்தி நகர்த்தலாம். கீழ்ச் சக்கரத்தை நகர்த்தினால் அதோடு இருக்கும் புல்லியும் நகரக்கூடும். மோட்டார் புல்லியோடு பெல்ட் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும்.

அச்சு திரும்பியிருந்தால்?

இரும்புத் தகட்டுச் சட்டம் கொண்ட பல மெஷின்களில் கீழ்ச் சக்கரத்தின் ஷாஃப்ட்டைச் சுற்றி நான்கு திருத்தும் போல்ட்டுகள் இருக்கும்: மேலே, கீழே, இடது, வலது. எதிரெதிரான இரண்டை ஒரு ஜோடியாகக் கருதுங்கள். ஒன்றைத் தளர்த்திய அளவுக்கே எதிரிலுள்ளதை இறுக்குங்கள். எட்டில் ஒரு சுற்று திருப்பியதும் அளங்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்தால், குழம்பினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

வார்ப்பிரும்புச் சட்டத்தில் இந்த வசதி பெரும்பாலும் இராது. மேல் கையும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் போல்ட்டைத் தளர்த்தி மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம். மேல் சக்கரத்தைத் தாங்கும் சாய்வு கீல் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். சட்டத்தைக் குறை சொல்லும் முன் அந்தக் கீலைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

டென்ஷன் எவ்வளவு கொடுப்பது? மெஷினில் இருக்கும் அளவுகோலை நம்பலாமா?

அந்த அளவுகோல் காட்டுவது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதை. பிளேடின் கனம், அதன் உண்மையான இழுவிசை ஆகியவை அதற்குத் தெரியாது. உங்கள் பிளேடுக்கு எந்தக் கோட்டில் வேலை நன்றாக நடந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடுக்கு 100 முதல் 140 மெகாபாஸ்கல் வரை வழக்கமான அளவு; ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன் விசை. பைமெட்டல், கார்பைடு பிளேடுகள் 170 முதல் 200 வரை கேட்கும். ஆனால் அந்த இழுவிசையை உங்கள் மெஷினின் சட்டம் தாங்குமா என்பது வேறு கேள்வி. 12 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. கனமுள்ள பிளேடில் பற்களைக் கழித்தால் ஏறத்தாழ 10 மி.மீ. முதுகு மிஞ்சும். அதை 100 மெகாபாஸ்கலுக்கு இழுக்க ஒரு பக்கத்துக்கு 600 நியூட்டன். இரண்டு பக்கமும் சேர்ந்து மேல் சக்கரத்தைக் கீழே இழுக்கும் விசை 1,200 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 120 கிலோ. சிறிய மெஷினில் 25 மி.மீ. பிளேடு மாட்டி அதைச் சரியாக இறுக்க முடியாமல் போவது இதனால்தான்.

அளந்து பார்க்க விரும்பினால் டென்ஷன் கேஜ் இல்லாமலும் வழி உண்டு. எஃகு 100 மெகாபாஸ்கலில் தன் நீளத்தில் 0.05 சதவீதம் நீளும். பிளேடு தொங்கல் மட்டும் எடுபட்ட நிலையில், வெர்னியரின் இரு தாடைகளையும் 150 மி.மீ. இடைவெளியில் சிறிய கிளாம்பால் பிளேடில் பிடித்து, காட்டும் எண்ணைச் சுழியாக்குங்கள். பிறகு டென்ஷன் ஏற்றுங்கள். 0.075 மி.மீ. கூடினால் 100 மெகாபாஸ்கல், 0.1 மி.மீ. கூடினால் 135 அளவில். மெஷினை ஓட்டும் முன் வெர்னியரையும் கிளாம்பையும் எடுத்துவிட வேண்டும்.

அன்றாட வேலைக்குக் கைக்கணக்கே போதும். மேல் கைடை மேசையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் வைத்து, பிளேடின் பக்கவாட்டில் விரலால் மிதமாக அழுத்துங்கள். 6 மி.மீ. அளவுக்கு நகர்ந்தால் பெரும்பாலும் சரி. இன்னொரு வழி, கதவுகளை மூடி மெஷினை ஓட்டி, கைடுகள் விலகிய நிலையில், பிளேடு படபடக்கத் தொடங்கும்வரை மெல்லத் தளர்த்தி, படபடப்பு அடங்கும்வரை மீண்டும் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. இதில் ரொம்பத் தளர்த்திவிட்டால் பிளேடு கழன்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும்.

ஓடும்போது பிளேடு ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. சக்கரமா, பிளேடா?

தாளத்தை எண்ணினால் குற்றவாளி தெரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பிளேடின் வெல்டு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள். மேல் சக்கரத்திலும் ஒரு குறி. கையால் சுற்றிக்கொண்டே பிளேடின் முதுகைப் பின்பக்க பேரிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 350 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 1.1 மீட்டர், அதற்கான பிளேடு 2.4 மீட்டர் அளவில் இருக்கும். ஆகவே பிளேடு ஒருமுறை வலம்வர, சக்கரம் இரண்டு முறைக்குச் சற்று மேல் சுற்றும். வெல்டு வரும்போதெல்லாம் ஆட்டம் வந்தால் பிளேடு. சக்கரத்தின் குறி வரும்போதெல்லாம் வந்தால் சக்கரமோ டயரோ.

வெல்டில் இரு முனைகளும் நேராகச் சேராமல் ஒரு படி விழுந்திருந்தால் எந்த நேர்படுத்தலும் அதை மாற்றாது. நன்றாகக் கோணியிருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு பிளேடு வாங்குங்கள். பேண்ட்சாவின் வரலாறே இந்த ஒட்டில்தான் தடைப்பட்டு நின்றது: வில்லியம் நியூபெரி 1809-இல் இங்கிலாந்தில் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றும், வளைந்து வளைந்து ஓடினாலும் விடாத ஒட்டு கிடைக்காததால் அது பரவவில்லை. பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபின் என்ற பெண்மணி 1846-இல் காப்புரிமை பெற்ற ஒட்டும் முறைக்குப் பிறகுதான் வழி திறந்தது.

சின்னத் துருத்தல் மட்டும் என்றால் ஓடும் பிளேடின் முதுகில் சாணைக்கல்லை லேசாகப் பிடித்து மழமழப்பாக்கலாம். முதுகின் இரு மூலைகளும் உருண்டால் வளைவுகளில் பிளேடு சுலபமாகத் திரும்பும் என்பது கூடுதல் லாபம். பொறி பறக்கும்; அதற்கு முன் மெஷினுக்குள் மரத்தூள் துளியும் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

சக்கரம்தான் காரணம் என்றால், விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் பேரிங் மாற்ற வேண்டும். தெரியாவிட்டால், சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை டயரின் மேல்பரப்பிலும் விளிம்பு முகத்திலும் தனித்தனியே வைத்துச் சுற்றுங்கள். மேல்பரப்பில் ஏற்ற இறக்கம் வந்தால் சுற்றுக்கு ஒருமுறை டென்ஷன் ஏறி இறங்கி மெஷினே அதிரும். விளிம்பு முகத்தில் வந்தால் பிளேடு முன்பின் அலையும்.

டயரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் அழுக்கு. பிசினோடு சேர்ந்த மரத்தூள் டயரில் கட்டியாக ஒட்டி, குவிந்த வடிவத்தையே மாற்றிவிடும். டிராக்கிங் திடீரென்று கெட்டுப்போனதற்குப் பாதிக்கு மேல் காரணம் இதுதான் என்பேன். நகத்தாலோ மரக்குச்சியாலோ சுரண்டி எடுங்கள். கீழ்ச் சக்கரத்தில் தூரிகை இருந்தால் அது டயரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

பள்ளம் விழுந்த ரப்பர் டயரை, கனம் மிச்சமிருந்தால், கட்டையில் ஒட்டிய முரட்டு உப்புத்தாளால் மறுபடி குவிக்கலாம். பிளேடையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இரு ஓரங்களையும் தேய்த்துக் குறையுங்கள். வெடித்தோ இறுகியோ போயிருந்தால் மாற்றுங்கள். யூரித்தேன் டயர் என்றால் வெந்நீரில் ஊறவைத்து இளக்கி இழுத்து மாட்டலாம். பெரும்பாலானவற்றுக்குப் பசை தேவைப்படாது.

கைடுகளை எப்போது, எப்படி வைப்பது?

டென்ஷன், டிராக்கிங், மேசை எல்லாம் முடிந்தபிறகு. பக்கக் கைடுகளின் முன் விளிம்பு, பல் பள்ளத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். முன்னே போனால் பற்களின் விரிப்பு கெடும். பக்க இடைவெளிக்கு ஒரு தாளின் கனம் போதும். தாளை இருபுறமும் வைத்துக் கைடை மெல்ல ஒட்டி, இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். கைடு பிளேடைப் பக்கவாட்டில் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்க பேரிங்குக்கு அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளி. மரம் அறுக்கும்போது மட்டும் பிளேடு அதைத் தொட வேண்டும். வெறுமனே ஓடும்போதே அது சுற்றிக்கொண்டிருந்தால் இடைவெளி போதவில்லை.

மேல் கைடு தொங்கும் கம்பத்தையும் சோதியுங்கள். தாழ்த்திய நிலையில் சரியாக இருந்த இடைவெளி, உயர்த்தியதும் மாறினால் கம்பம் பிளேடுக்கு இணையாக இல்லை. திருத்த வழி இல்லாத மெஷினில், உயரம் மாற்றும்போதெல்லாம் கைடைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாம் சரிசெய்த பிறகும் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதே?

முதலில் பிளேடைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருந்தாலோ, விரிப்பு ஒருபுறம் குறைவாக இருந்தாலோ, வெட்டு கூரான பக்கமே போகும். ஆணியில் ஒருமுறை பட்ட பிளேடு இப்படித்தான் நடந்துகொள்ளும். மரத்தை அவசரமாகத் தள்ளினாலும் இழுக்கும்.

புதுப் பிளேடிலும் நீடித்தால், குவிந்த டயரில் டிராக்கிங்கையே பயன்படுத்தலாம். மேட்டின் முன்சரிவில் ஓடும் பிளேடும் பின்சரிவில் ஓடும் பிளேடும் மேலிருந்து பார்த்தால் ஒரே கோணத்தில் நிற்பதில்லை. குமிழைச் சிறிது திருப்பி, பிளேடை ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தி, சோதனை வெட்டு போட்டுப் பாருங்கள். பல நேரங்களில் இழுப்பு இதிலேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால், நேரான ஒரு பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான தடுப்பான ஃபென்ஸ் இல்லாமல் கைப்போக்கில் கோட்டைத் தொடர்ந்து பாதிவரை அறுத்து, பலகையை அசைக்காமல் மெஷினை நிறுத்துங்கள். பலகையின் விளிம்பு இப்போது நிற்கும் கோணம்தான் அந்தப் பிளேடு விரும்பும் கோணம். ஃபென்ஸை அதற்கு இணையாக வையுங்கள். மேசையின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையையே திருப்புவதும் நல்லது. கோண வெட்டுக்கான மைட்டர் கேஜ் ஓடும் பள்ளமும் அதோடு சேர்ந்து திரும்பிவிடும்.

வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்த வேண்டுமா?

இடைவேளைக்குத் தேவையில்லை. மறுநாள்வரை ஓடாது என்றால் தளர்த்துங்கள். தொடர்ந்து இறுகியிருந்தால் ரப்பர் டயரில் பிளேடு அழுந்திய இடம் தட்டையாகும், ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். தளர்த்தினால் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிடுங்கள். தளர்ந்த பிளேடோடு மெஷினைப் போடுவது தளர்த்தாமல் விடுவதைவிடப் பெரிய ஆபத்து.

பிளேடு அடிக்கடி அறுந்துபோகிறது. டென்ஷன் அதிகமா?

பெரும்பாலும் இல்லை. சக்கரத்தில் வளையும்போது பிளேடின் மேற்பரப்பில் எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டால் காரணம் புரியும். 0.6 மி.மீ. பிளேடு 350 மி.மீ. சக்கரத்தில் வளையும்போது அது 340 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகிறது. டென்ஷனைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதே பிளேடு 250 மி.மீ. சக்கரத்தில் 480. 0.9 மி.மீ. பிளேடை 350 மி.மீ. சக்கரத்தில் மாட்டினால் 500-ஐத் தாண்டும். நிமிடத்துக்கு 900 மீட்டர் வேகத்தில் ஓடும் 2.4 மீட்டர் பிளேடு ஒரு நிமிடத்தில் 375 முறை வலம்வருகிறது, 750 முறை வளைந்து நிமிர்கிறது. அதனால் சிறிய சக்கரத்துக்கு மெல்லிய பிளேடு வாங்குங்கள்.

கனம் சரியாக இருந்தும் அறுந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். வெல்டிலேயே என்றால் ஒட்டு மோசம். முதுகிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தால் பின்பக்க பேரிங்கில் ஓயாமல் உரசியிருக்கிறது, டிராக்கிங்கைத் திருத்த வேண்டும். பல் பள்ளத்திலிருந்து தொடங்கியிருந்தால் மழுங்கிய பிளேடைத் தள்ளி அறுத்திருக்கிறோம், அல்லது அகலமான பிளேடை அதற்கு மீறிய வளைவில் திருப்பியிருக்கிறோம். 12 மி.மீ. பிளேடு 65 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாகத் திரும்பாது, 6 மி.மீ. பிளேடு 16 மி.மீ. ஆரம்வரை திரும்பும்.

பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் இத்தனையும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சக்கரங்களின் தளமும் அச்சும் ஒருமுறை சரியானால், மெஷினை இடம்மாற்றும்வரையோ சக்கரத்தைக் கழற்றும்வரையோ அப்படியே இருக்கும். பிளேடு மாற்றும்போது கைடுகளைத் தள்ளிவைத்தல், டென்ஷன், டிராக்கிங், கைடுகளை மறுபடி ஒட்டவைத்தல், இவ்வளவே. அதே அகலப் பிளேடு என்றால் குமிழைத் தொடவே நேராமல் போகலாம். ஆனாலும் கையால் சுற்றிப் பார்க்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. ஒவ்வொரு பிளேடுக்கும் அளவுகோல் எந்தக் கோட்டில் நின்றது, ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் இருந்தது என்று மேல் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே பிளேடை மாட்டும்போது பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.